அறிவினாவும் ஐயவினாவும்: திருகோணமலையின் சில திகதிகள்



எங்கள் கல்லூரியின் வாயிலைக் கடந்து உள்ளே வந்தால் வேப்பமரத்தடியில் ஒரு கரும்பலகை நிற்கும். காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன்னர் அதில் ஒரு வினா எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'நாளும் ஒரு வினா' என்பது அதன் பெயர். இன்றைய திகதியில் முன்னொரு காலத்தில் நடந்த நிகழ்ச்சி எது, நடத்தியவர் யார், ஆண்டு எது என்று கேட்போம். மாணவர் விடையைத் துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியிற் போடுவர். இடைவேளை முடிந்ததும் சரியான விடை பலகையில் ஏறும். மாத முடிவில் கூடிய புள்ளி பெற்றவருக்கு ஒரு பேனையோ புத்தகமோ பரிசாகக் கிடைக்கும்.

வரலாற்று ஆசிரியரிடம் இருக்க வேண்டிய இந்தப் பொறுப்பு தமிழாசிரியனாகிய என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. எழுத்து அழகாக இருக்கிறது, ஆகவே நீரே எழுதும் என்றார்கள். பிறகு எழுதுவதற்கான வினாவையும் நானே தேட வேண்டியதாயிற்று. பொது அறிவு நூல்கள், நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம், பழைய பத்திரிகை நறுக்குகள் என்று நான் புரட்டாதது இல்லை. ஊரைப் பற்றிய வினாக்களுக்குப் பஞ்சமும் இல்லை. திருகோணமலை என்ற பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் கட்டப்பட்டது, அது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது என்பது ஒன்று. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவில் இறந்து எங்கள் ஊர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது இன்னொன்று. இவையெல்லாம் பலகைக்கு வெகு பொருத்தம்.

தமிழாசிரியனுக்கு 'வினா' என்ற சொல்லைக் கண்டதும் நன்னூல் ஞாபகம் வராமல் இருக்காது. வினாவை அந்நூல் ஆறாகப் பகுக்கிறது. கடைக்குப் போய்ப் பயறு இருக்கிறதா என்று கேட்பது கொளல்வினா. கொடுக்கும் எண்ணத்துடன் உனக்குச் சட்டை இல்லையா என்று கேட்பது கொடைவினா. பிள்ளையைச் சாப்பிட வைப்பதற்காகச் சாப்பிட்டாயா என்று கேட்பது ஏவல்வினா. இம்மூன்றையும் விடுவோம். மற்ற மூன்றுதான் எனக்கு இங்கே வேண்டியவை. விடை தெரிந்தவன் மற்றவனைச் சோதிப்பதற்குக் கேட்பது அறிவினா. தெரியாதவன் தெரிந்துகொள்வதற்குக் கேட்பது அறியாவினா. மங்கல் வெளிச்சத்தில் தூரத்தே நிற்பது கட்டையா மனிதனா என்று இரண்டுக்கும் நடுவே நின்று கேட்பது ஐயவினா.

எங்கள் பலகையில் எழுதப்படுவது ஐயத்துக்கு இடமின்றி அறிவினா. விடை என் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும். இரண்டு ஆண்டு இந்த வேலையைச் செய்த பிறகு, அந்தச் சட்டைப்பையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது எப்படி வந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வந்தது ரொபர்ட் நொக்ஸின் விவகாரம். கொட்டியாரக் குடாவைத் தெரிந்தவர்களுக்கு நொக்ஸைத் தெரிந்திருக்கும். 'ஆன்' என்ற கப்பல் மசூலிப்பட்டினக் கரைப்பக்கத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்து, திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்பற் தலைவரான தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மகன் 19 ஆண்டுக்கு மேல் அங்கே இருந்து, 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பி ஓடினார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளியாயிற்று. டானியல் டீபோ தம் நாவலொன்றில் அதிலிருந்து எடுத்தாண்டிருக்கிறார். பிடிபட்ட இடம் மூதூர்ப் பக்கம். அங்கே ஒரு புளியமரமும், வெள்ளைக்காரன் மரம் என்று பொறித்த கல்லும் பிற்காலத்தில் அடையாளமாகக் காட்டப்பட்டன.

'இன்றைய திகதியில் கொட்டியாரத்திற் பிடிபட்ட ஆங்கிலேயர் யார், ஆண்டு எது?' என்று ஓர் ஏப்ரல் 4ஆம் திகதி எழுதினேன். விடை, ரொபர்ட் நொக்ஸ், 1660. இடைவேளைக்குப் பிறகு தரம் 9இற் படிக்கும் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். நூலகத்தில் நொக்ஸின் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறான்.

"சேர், தகப்பன் செத்துப்போன பிறகா அவையைப் பிடிச்சவங்கள்?" என்றான்.

"என்ன தம்பி கதைக்கிறீர்?"

"பிடிபட்டது 1660 ஏப்ரல் 4 எண்டு கிடக்கு. தகப்பன் காய்ச்சலிலை செத்தது 1660 பெப்ரவரி 9 எண்டும் கிடக்கு. பெப்ரவரி முதல், ஏப்ரல் பிறகு தானே சேர்?"

அச்சுப்பிழையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று மனம் சொல்லியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பையன் வாசித்தது சரி. நொக்ஸ் எழுதியதும் சரி. எனக்குத்தான் நாட்காட்டி தெரியவில்லை.

அந்நாளில் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரி முதலாம் திகதியன்று அல்ல, மார்ச் 25ஆம் திகதி. ஆகவே 1660 ஏப்ரலுக்குப் பின் வரும் பெப்ரவரியும் அவர்களுக்கு 1660தான். நம் கணக்கில் அந்தத் தகப்பன் இறந்தது 1661. அத்துடன் முடியவில்லை. திருச்சபைத் தலைவர் 13ஆம் கிறெகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4ஆம் திகதிக்கு மறுநாள் 15ஆம் திகதி ஆயிற்று. கத்தோலிக்கரான போர்த்துக்கேயர் அதை உடனே ஏற்றனர். ஒல்லாந்தும் அடுத்த ஆண்டிலேயே ஏற்றது. கத்தோலிக்கரின் திருத்தம் நமக்கெதற்கு என்று ஆங்கிலேயர் 1752 வரை பழையதையே வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 10 நாள். அப்படியானால் நொக்ஸ் ஏப்ரல் 4 என்று எழுதிய அதே நாளை, இந்தக் கடலில் ஓடிய ஒல்லாந்தக் கப்பலின் எழுத்தர் ஏப்ரல் 14 என்று எழுதியிருப்பார். கொட்டியாரத்தில் வயல் விதைத்தவனுக்கு அது பங்குனியோ சித்திரையோ தவிர வேறெதுவும் அல்ல.

மறுநாள் கூட்டத்தில் பையனை மேடைக்கு அழைத்து, அவன் கேட்டது சரி என்று சொன்னேன். அவனுக்கு இரண்டு புள்ளி கொடுத்தேன். இப்படி ஒரு புள்ளி ஏற்பாட்டில் இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

நாட்காட்டி இரண்டாக இருப்பதை எங்கள் வயதுக்காரர் புதுமையாகக் கொள்ள முடியாது. கடிகாரமே இரண்டாக இருந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்கென்று 1996 மே மாதம் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை, அங்கே பழைய நேரமே நடந்தது. நகரத்திலிருந்து பார்த்தால் குடாவுக்கு அக்கரை தெரியும். அந்தக் கரையில் சில ஊர்களில் அரை மணித்தியாலம் பிந்திய நேரம். கலியாணச் சொல்லலுக்கு வந்தவரிடமும் 'எந்த நேரம், பழசா புதுசா?' என்று கேட்டுத்தான் நாள் குறித்துக்கொள்வோம். அந்தப் பத்தாண்டிற் பிறந்த பிள்ளைகளின் சாதகத்தைக் கையிலெடுக்கும் சோதிடர் இன்றைக்கும் முதலிற் கேட்கும் கேள்வி அதுதான். 1942க்கும் 1945க்கும் இடையில், யுத்த காலத்தில், வெள்ளைக்காரனும் இப்படி மணிக்கூட்டை முன்தள்ளி வைத்திருந்தான் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இனிமேற் சொல்லப்போவது சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டியது.

ஏப்ரல் விடுமுறைக்கு முந்திய கடைசிப் பாடசாலை நாளில் ஆண்டுதோறும் பலகையில் ஏறும் வினா ஒன்று உண்டு. திருக்கோணேச்சரம் இடிக்கப்பட்ட நாள் எது? விடை, 1622 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டுத் தினம். நான் மாணவனாக இருந்தபோதும் இதே விடைதான். சுவாமி வீதியுலாவுக்காக நகருக்குள் எழுந்தருளியிருந்த வேளை, போர்த்துக்கேயப் படையினர் அந்தணர் வேடத்தில் ஆலயத்தினுட் புகுந்தனர் என்பது நாங்கள் எல்லாரும் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த செய்தி. இடித்தெடுத்த கற்களைக் கொண்டு அவர்கள் கட்டிய கோட்டைதான் பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1803இல் ஆங்கிலேயரால் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் சூட்டப்பட்டது. அதன் வாயிலைக் கடந்துதான் இன்றும் கோயிலுக்குப் போகிறோம். வாயிற் கல்லில் உள்ள இரட்டைக் கயலையும் துண்டுபட்ட எழுத்தையும் பார்க்காத திருகோணமலையார் இரார்.

நொக்ஸின் திகதி என்னை இடறி விழுத்திய பிறகு, இந்தத் திகதியையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஆண்டிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. சில நூல்கள் 1622 என்கின்றன, வேறு சில 1624 என்கின்றன. அது அறிஞர்கள் பேசிக்கொள்ளும் விடயம். எனக்குத் தட்டுப்பட்டது நாள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பஞ்சாங்கக் கணிதத்திலும் பழக்கமுடையவர், எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் போனேன்.

"மாஸ்ரர், 1622இலை சித்திரை வருஷம் எண்டைக்குப் பிறந்தது?"

அவர் சிரித்தார். "ஏன், பதினாலு எண்டு எழுதிப்போட்டீரோ?"

பிறகு கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். நமது ஆண்டு சூரியன் மேட இராசியிற் புகும் கணக்கு. அது ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 23 நிமிடம் நீளம். ஆண்டுக்கு 23 நிமிடம் என்றால் சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள். பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று முடியும்போது புத்தாண்டு ஆங்கிலத் திகதியில் ஒரு நாள் பின்னுக்குப் போகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1942இல் வருடப்பிறப்பு ஏப்ரல் 13. இன்று 14ஐ ஒட்டி நிற்கிறது. 400 ஆண்டு முன்னோக்கிப் போனால் ஆறு, ஏழு நாள் குறைய வேண்டும். துந்துபி வருடம் பிறந்த 1622இலும், இரத்தாட்சி பிறந்த 1624இலும் சித்திரை முதல் நாள், போர்த்துக்கேயரின் நாட்காட்டியில் ஏப்ரல் 7 அல்லது 8. பழைய ஜூலியன் நாட்காட்டியில் அது மார்ச் மாதக் கடைசி. எந்த நாட்காட்டியிலும் 14 வராது.

ஆலயம் புத்தாண்டு நாளில் இடிக்கப்பட்டது என்ற மரபு உண்மையாயின் ஏப்ரல் 14 பொருந்தாது. ஏப்ரல் 14தான் உண்மையாயின் அது புத்தாண்டு நாளல்ல. இரண்டையும் ஒரே வரியில் எழுதி நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. 'வருஷப்பிறப்பன்று' என்று வாய்வழியாக வந்த செய்தியை, எழுத வந்த ஒருவர் தம் காலத்து நாட்காட்டியைப் பார்த்து 14 என்று ஆக்கியிருப்பார். வாய்ச்சொல்லில் இருந்த வரை அதற்கு அந்தக் குறை இல்லை. எண்ணாக மாறியபோதுதான் வந்தது.

இதை ஆசிரியர் அறையிற் சொன்னபோது ஒருவருக்கும் முகம் மலரவில்லை. "சேர், இதை நீங்கள் வெளியிலை சொன்னால், இடிச்சதே பொய் எண்டு சொல்லுறவனுக்குத் தடி எடுத்துக் குடுக்கிற மாதிரி" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். அவருடைய அச்சம் காரணமில்லாத அச்சமல்ல. இந்த மலையைப் பற்றியும் இந்த ஊரைப் பற்றியும் யாருக்கு எது சொந்தம் என்ற வழக்கு ஓயாத இடத்தில் இருந்துகொண்டு, நம் கைத் திகதியை நாமே கேள்வி கேட்பது எளிதல்ல. அன்றிரவு எனக்கும் நித்திரை வரவில்லை. ஆயினும் என் எண்ணம் மறுபக்கமாகவே ஓடியது. கோணேச்சரம் இடிக்கப்பட்டதற்குச் சாட்சி 14 என்ற எண் அல்ல. கோட்டைச் சுவர் சாட்சி. 1950இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்த சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் சாட்சி. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கிக் கண்ட தூண்களும் செதுக்கிய கற்களும் சாட்சி. சாட்சி இவ்வளவு பலமாக இருக்கும்போது பலவீனமான எண்ணை ஏன் முன்னுக்கு நிறுத்த வேண்டும்? எதிர்வழக்காடுபவன் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தானே? நம் பிள்ளை அதை நம்மிடமிருந்தே தெரிந்துகொண்டு போவது நல்லது.

அடுத்த ஏப்ரலில் வினாவை மாற்றி எழுதினேன். 'திருக்கோணேச்சரம் தமிழ்ப் புத்தாண்டு நாளில் இடிக்கப்பட்டது என்பது மரபு. அவ்வாண்டுப் புத்தாண்டு ஆங்கிலத் திகதியில் எப்போது வந்திருக்கும்?' அன்று பெட்டியில் விழுந்த துண்டுகள் குறைவு. ஆனால் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் மாஸ்ரர் வீட்டு வாசலில் நின்றார்கள் என்று அவர் சொன்னார்.

கோட்டைக் கேள்விகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் வரலாற்றுத் திகதிகளை எழுதிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் கோட்டையின் சாவி கை மாறிய பட்டியலாகவே முடிகிறது. 1639இல் ஒல்லாந்தர், 1672இல் சில காலம் பிரான்சியர் வந்து போனது, 1795இல் ஆங்கிலேயர் என்று அது நீளும். ஒரு பொது அறிவு நூலில் '1782இல் திருகோணமலையைக் கைப்பற்றியவர் யார்?' என்று ஒரு வினா இருந்தது. விடை சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன். சரிதான். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து அதைக் கைப்பற்றியவர் ஆங்கிலேயத் தளபதி எட்வேட் ஹியூஸ். ஒஸ்ரன்பேர்க் கோட்டை ஜனவரி 11ஆம் திகதி வீழ்ந்தது. ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரென் வந்து பிடித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இருவரும் மோதினர். பாரிஸில் உடன்படிக்கை எழுதி, கோட்டை திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கே போயிற்று. ஒரே ஆண்டில் மூன்று கொடி பறந்த ஊரில் அந்த வினாவுக்கு ஒரு விடை போதாது. மூன்று கொடிக்கும் கீழே இருந்து மீன் பிடித்தவர்களைப் பற்றியோ எந்த நூலும் வினாக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்க அவர்கள் பிரதமராக இருந்த காலம். நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள், அதில் மாற்றுக் கருத்தில்லை. அத்திகதியில் 'இன்று நடந்தது என்ன?' என்று கேட்டிருந்தேன். பெட்டியில் ஒரு துண்டு: 'எங்கட பூட்டனுக்கு டொக்யார்ட்டிலை வேலை போனது.' தரம் 7 மாணவி ஒருத்தியின் எழுத்து. பிழை என்று கோடு கீறி, பூச்சியம் போட்டேன். விடை என் பையில் வேறாக இருந்தது அல்லவா? வெள்ளைக்காரனின் தளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய எத்தனை பேர் இந்த ஊரில் இருந்தார்கள், கொடி இறங்கிய பின் அவர்கள் எங்கே போனார்கள் என்று அந்தத் துண்டு என்னைக் கேட்டது பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்பிள்ளையைத் தேடிப் போய் புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். அவளுக்கு அது மறந்து போயிருந்தது.

எழுத்தாளரைப் பற்றிய கேள்விகளிலும் நாங்கள் ஏமாந்துதான் இருக்கிறோம். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் 'மோகனாங்கி' 1895இல் வெளியானது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர். அவருடைய சகோதரர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் பெரும் புலமையாளர். பலகையில் இதைக் கேட்ட நாளில் சரியான விடை எழுதியோர் தொகை, சுஃப்ரெனைத் தெரிந்தோர் தொகையின் காற்பங்குகூட இல்லை. ஆசிரியர்களும் சிலர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வரலாற்று நாவல் எழுதியவனை வரலாற்று வினாவிற் காணோம்.

என் அம்மம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் ஆண்டு கேட்டால் எண் வராது. 'குண்டு போட்ட வருஷம்', 'புயல் அடிச்ச மார்கழி' என்றுதான் வரும். புயல் என்பது 1964 டிசெம்பர் 22ஆம் திகதியளவில் அடித்து, அக்கரையில் தனுஷ்கோடியையும் அழித்தது. குண்டு என்பது யப்பான்காரன் போட்டது. "வருஷப்பிறப்புக்கு நாலு நாளைக்கு முதல் போட்டவன். பலகாரத்துக்கு மா இடிச்சு வைச்சது. சட்டியோடை விட்டிட்டு ஓடினது" என்பார். சிறு வயதில் இதைக் கதையாகக் கேட்டேனே தவிரக் கணக்காகக் கேட்கவில்லை.

பலகைக்காகத் தேடியபோதுதான் கணக்குப் பார்த்தேன். கொழும்பில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையிற் குண்டு விழுந்தது ஏப்ரல் 9 காலை. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன, எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. அன்றைய தினமே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 300 பேருக்கு மேல் மாண்டனர். அன்று தமிழுக்கு விசு வருடம் பங்குனி 27. சித்திரபானு வருடம் பிறந்தது ஏப்ரல் 13. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்கு நாலு நாள். அம்மம்மாவின் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

நாட்காட்டி பார்த்து எழுதிய 14 பிழைத்தது, மாச் சட்டியை வைத்துச் சொன்ன நாலு நாள் சரியாயிற்று. எல்லா வாய்ச்சொல்லும் இப்படிச் சரியாக வரும் என்று நான் சாதிக்க வரவில்லை. புத்தகம் பார்க்காமல் பாட்டி சொன்னார் என்று எழுதும் கட்டுரைகளையும் நான் வேண்டிய அளவு படித்துச் சலித்தவன். ஆனால் பாட்டி சொன்னதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. ஒரு பஞ்சாங்கமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இப்போது எங்கள் பலகை நடுவே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேற்பாதி என்னுடையது, வழக்கமான அறிவினா. பரிசும் புள்ளியும் அதற்குத்தான், அதை நிறுத்தினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். கீழ்ப்பாதி அவர்களுடையது. நாங்கள் எழுதிய விடையில் ஐயம் இருந்தால் அங்கே எழுதலாம். பல நாள் அது வெறுமையாகவே கிடக்கும். சில நாள் விளையாட்டுக்கு எழுதுவார்கள், அதிபரின் வயதைக்கூட ஒருவன் கேட்டிருந்தான்.

சென்ற மாதம் ஒரு பிள்ளை, எழுத்தைப் பார்த்தால் தரம் 6ஆக இருக்க வேண்டும், சோக்கட்டியை அழுத்தி எழுதியிருந்தது: 'யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்குப் பள்ளிக்கூடம் நடந்ததா?'

அதற்குக் கீழே விடை எழுத நான் சோக்கட்டியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். தொண்ணூறு கடந்த பூட்டிமார் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று வியாழக்கிழமை என்பது மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது.